அந்த வரைபடத்தைக் கிராம சபையில் காட்டுங்கள்

ஊரகப் பணிகளை வரைபடம் வைத்துக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நூறு நாள் வேலையில் கட்டிய எங்கள் ஊர் ஓடைத் தடுப்பணை பற்றி நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. "பணி முடிவுற்றது. புவிக்குறியீடு செய்யப்பட்டுள்ளது." அதாவது, அணையைப் படம் எடுத்து, அது இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டீர்கள். அணையில் தண்ணீர் நிற்கவில்லை என்றுதான் மனு கொடுத்தோம். அணை எங்கே இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

போன ஐப்பசி மழையில் ஓடை கரைபுரண்டு வந்தது. நடுச்சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கச் சுவரைக் கரைக்குள் ஆழமாக இறக்கிக் கட்டாததால், தண்ணீர் ஓரத்து மண்ணை அரித்துப் புது வழி பிடித்து, கீழே இருந்த கடலைக் காட்டுக்குள் புகுந்தது. சுவருக்கும் கரைக்கும் நடுவே இப்போது ஓர் ஆள் தாராளமாக இறங்கி நடக்கலாம். காட்டுக்கார அம்மா மண் மூடிய செடிகளைக் கையால் கிளறிப் பிடுங்கினார். காய்களில் பாதிக்கு மேல் முளைவிட்டிருந்தன. உங்கள் கணக்கில் அணை முழுசாக இருக்கிறது. கடைசிப் படம் கோடையில், சிமெண்டுப் பூச்சு காய்ந்த கையோடு எடுத்தது.

நூறு நாள் வேலையில் உருவானவற்றை 2016இல் இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தில் ஏற்றத் தொடங்கினீர்கள். 2017 நவம்பரிலிருந்து வேலைக்கு முன், நடக்கும்போது, முடிந்த பின் என்று மூன்று கட்டப் படம் கேட்டீர்கள். நல்ல ஏற்பாடுதான். வெட்டாத குளத்துக்குப் பில் போடுவது இதனால் கடினமாகியிருக்கும். ஆனால் செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லும், அஸ்திவாரத்தின் ஆழத்தைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே மண் வெட்டியவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. பணிகளைக் கிராம சபையே கண்காணிக்க வேண்டும் என்றுதான் நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு எழுதிவைத்தது. அதனால் கேட்கிறோம், அந்த வரைபடத்தைக் கிராம சபையில் காட்டுங்கள்.

2023 ஜனவரியிலிருந்து வருகைப் பதிவுக்காக ஆட்களையும் காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை செயலியில் படம் எடுக்கச் சொன்னீர்கள். டவர் கிடைக்காத ஏரிக்குள், கொடுத்த வேலையை முடித்துவிட்ட பாட்டிகள் இரண்டாவது படத்துக்காக வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஏறாவிட்டால் கூலி என்னாகுமோ என்ற பயம் அவர்களுக்கு. அதே செயலியில் சில இடங்களில் பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றியதை 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் சொன்னது. உழைத்தவர் சொல்லை நம்பாமல் படத்தை மட்டும் நம்புவது என்ன நியாயம்? சரி, இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன்.

புவன் தளம் எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது என்பீர்கள். பணிக் குறியீட்டு எண்ணை வைத்து அதில் தேட அந்தக் கடலைக் காட்டு அம்மாவால் முடியாது. ஊர் வரைபடத்தைத் தமிழில் அச்சடித்து, பணியின் பெயர், செலவான தொகை, மூன்று படங்களோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். வருடத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. ஒவ்வொன்றிலும் அதை வாசியுங்கள். மக்கள் சொல்லும் குறையை அந்தப் புள்ளிக்கு நேரேயே பதிவு செய்து, பொறியாளர் ஒருவர் வந்து பார்த்த பிறகு "முடிவுற்றது" என்று எழுதுங்கள்.

அடுத்த கிராம சபைக்கே எங்கள் ஊர் வரைபடம் வர வேண்டும். பக்கச் சுவரையும் வரும் ஐப்பசிக்குள் கரையோடு சேர்த்துக் கட்டித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓடைக்கரை விவசாயி ஒருவர்