கழிமுகமும் முகத்துவாரமும்

சீர்காழி
தை 20

அன்புள்ள ராமு,

உன் கடிதமும் பாடத்தின் கையெழுத்துப் படியும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். சம்பா நிற்கிறபடியே உளுந்து தெளித்தாயிற்று, இன்னும் ஒரு வாரத்தில் அறுவடை. பனி மட்டும் விடிந்தும் விலகமாட்டேன் என்கிறது.

பாடத்துக்கு வருகிறேன். கொள்ளிடம் பழையாறு ஊர்ப் பக்கம் கடலில் சேரும் இடத்தை ஒரு பத்தியில் கழிமுகம் என்கிறாய், அடுத்த பத்தியில் முகத்துவாரம் என்கிறாய். போதாததற்கு ‘இரண்டும் ஒன்றுதானே?’ என்று ஓரத்தில் ஒரு கேள்வி. ஒன்றில்லை ராமு. பழையாற்றில் யாரைக் கேட்டாலும் ‘முகத்துவாரம் அடைச்சிடுச்சு’ என்பார்கள், ‘முகத்துவாரத்துல படகு தட்டுது’ என்பார்கள். கழிமுகம் அடைத்துவிட்டது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அடைபடுவது வழிதான்.

கரை மணலை அறுத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்குள் போகும் அந்த இடைவெளி முகத்துவாரம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அகலம் அளக்கலாம், குண்டு கட்டிய கயிறு விட்டு ஆழம் பார்க்கலாம். மணல் நகர்ந்தால் அதுவும் வடக்கேயோ தெற்கேயோ நகரும். கழிமுகம் என்பது அந்த இடைவெளியிலிருந்து உள்ளே, ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து கிடக்கிற பரப்பு முழுவதும். அதற்கு வரைபடத்தில் ஒரே கோடாக எல்லை போட முடியாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் உப்பு முகத்துவாரம் வரைக்கும் தள்ளப்பட்டுவிடும். கோடையில் ஆறு வற்றியதும் உள்ளே ஏறும், கடைமடை ரெகுலேட்டர், அதாவது கடலோர மதகு, இருந்தால் அதன் ஷட்டர்தான் அதைத் தடுக்கும்.

பிள்ளைகளைக் கூட்டிப்போய் எல்லை பார்க்கச் சொல்வதாக எழுதியிருக்கிறாய், நல்லது. ஆனால் மேல் தண்ணீரைக் கையில் அள்ளி நக்கிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். உப்புத் தண்ணீர் கனமானது, நல்ல தண்ணீருக்கு அடியில் புகுந்துதான் உள்ளே வரும். மேலே சப்பென்று இருக்கும் இடத்தில் அடியில் கரிக்கும். வாய் குறுகிய பாட்டில் ஒன்றில் கல்லைக் கட்டி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டு. கடல் ஏற்றம் முடிந்து தண்ணீர் நிற்கிற நேரத்தில் பாட்டிலை இறக்கி, தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தித் தக்கையை இழு. தரையில் முட்டவிட்டால் சேறு கலங்கி ஏறிவிடும். இறால் பண்ணைக்காரர்களிடம் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும், இரண்டு சொட்டு விட்டாலே அளவு தெரியும். கடல் நீர் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அரை கிராமுக்குக் கீழே போனால் நல்ல தண்ணீர். அந்தக் கருவி அவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது, ஒன்றிரண்டு கிராமுக்குக் கீழே அதை நம்பாதே.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். தூர்வாரும் பேச்சு வரும்போதுதான் வினை. முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது பின்னால் இருக்கிற கழிமுகம். ஒரு கணக்குப் போட்டுப் பார். கழிமுகம் 200 ஹெக்டேர், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு ஏற்றத்திலும் 10 லட்சம் கன மீட்டர் தண்ணீர் அந்தச் சந்து வழியாக உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். அந்த ஓட்டம்தான் அலை கொண்டுவந்து போடும் மணலை அரித்துத் தள்ளுகிறது. பாதிப் பரப்பு சேறு படிந்தோ குட்டை வெட்டிக் கரை போட்டோ போய்விட்டால் தண்ணீரும் 5 லட்சமாகிவிடும், ஓட்டம் தளர்ந்துவிடும். அப்புறம் வாயை மட்டும் இயந்திரம் வைத்து வெட்டினால் அடுத்த பருவத்துக்குள் மணல் பழையபடி மூடும். இரண்டு பக்கமும் கல் கொட்டினாலும் தீராது. தென்மேற்குப் பருவத்தில் கரை மணல் வடக்கே ஓடும், வடகிழக்கில் தெற்கே திரும்பும். கல்லுக்கு ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கத்து ஊரைக் கடல் தின்னும்.

பூம்புகாரையும் பழையாற்றையும் ஒரே படத்தில் போட்டிருக்கிறாய், போடு. ஆனால் காவிரி என்ற பெயரோடு பூம்புகாரில் சேருவது சின்ன ஓட்டம்தான், பெருவெள்ளம் திருச்சிக்கு மேலே முக்கொம்பிலேயே கொள்ளிடத்தில் திரும்பிவிடுகிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள். இல்லாவிட்டால் கொள்ளிடத்து வாய் ஏன் அவ்வளவு அகலம் என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

முத்துப்பேட்டையில் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே பாமணியாறு, கோரையாறு எல்லாம் நேராகக் கடலில் விழுவதில்லை. காயலில் விழுகின்றன, காயல் பாக் நீரிணைக்குத் திறக்கிறது. ஆகவே ‘ஆற்றின் முகத்துவாரம்’ வேறு, ‘காயலின் முகத்துவாரம்’ வேறு. வெறும் முகத்துவாரம் என்று எழுதினால் எது என்று தெரியாது.

தலைப்பு விஷயம் ஒன்று பாக்கி. ‘காவிரிக் கழிமுகம்’ என்று போட்டுவிட்டுக் கல்லணையிலிருந்து படம் வரைந்திருக்கிறாய். டெல்டாவையும் கழிமுகம் என்று எழுதுகிற வழக்கம் இருக்கிறது, தெரியும். ஆனால் அதே பாடத்தில் உப்பு நீர் கலக்கிற இடத்துக்கும் அந்தச் சொல் வந்தால், தஞ்சாவூர் வரை கடல் தண்ணீர் ஏறுகிறது என்று எவனாவது பரீட்சையில் எழுதி வைப்பான். ஆறு வண்டல் போட்டுக் கட்டிய நிலத்துக்கு டெல்டா என்றே போடு, நம் விவசாயிகள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். தமிழில்தான் வேண்டும் என்றால் வடிநிலம் இருக்கிறது.

மூன்றாவது படத்தில் முகத்துவாரம் என்ற அம்புக்குறி ஆற்றின் நடுவில் நிற்கிறது. அதை மணல் திட்டின் இடைவெளிக்கு நகர்த்திவிட்டு, திருத்திய படியை அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்