இராஜாமடத்து வக்கீல்

பட்டுக்கோட்டை

அன்பு நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமலே மாயவரம் மணிக்கூண்டு வரை நடந்து போய் வந்ததாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே புது ஆற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், தண்ணீர் வந்துவிட்டது. கடைமடைக்கு மட்டும் வழக்கம்போலத் தாமதம். தம்பி இப்போதுதான் நாற்று விட்டிருக்கிறான். கஜா புயலில் தோப்பு முழுவதும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நீ வந்து பார்த்தாயே, அதன்பிறகு வைத்த நெட்டைக் கன்றுகளில் பாளை வெடித்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அதில் ஒரு தெம்பு.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். திருச்சி சட்டக் கல்லூரியில் படிக்கும் உன் பேத்தி, வக்கீலாகி அப்புறம் அரசியலுக்குப் போகப்போவதாகச் சொல்கிறாளாம். அப்படிப் போன நம் பக்கத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா என்று கேட்டாளாம். நல்ல கேள்வி. ஆனால் "ஆர். வெங்கட்ராமனைத் தவிர யாரை வேண்டுமானாலும் சொல்" என்று எனக்கு நீ கட்டளை போட்டிருக்கிறாய். உன் கோபம் எனக்குப் புதிதில்லை. 1991 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவராக இருந்த அவர் கையெழுத்தில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி வந்தபோது உன் வீட்டுத் திண்ணையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் அவரைத்தான் சொல்லப்போகிறேன். அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் குடியரசுத் தலைவர் மாளிகைதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் அவர் வக்கீலாகவும் மந்திரியாகவும் உழைத்த முப்பது ஆண்டுகளை நம் ஜில்லாவே மறந்துவிட்டது. அரசியலுக்குப் போக நினைக்கும் ஒரு வக்கீலுக்கு வேண்டிய சரக்கு அந்த முப்பது ஆண்டுகளில்தான் இருக்கிறது.

இராஜாமடம் உனக்குத் தெரியும். அதிராம்பட்டினத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் ஊர். அவர் அங்கே பிறந்தது 1910 டிசம்பர் 4. அப்போது மேட்டூர் அணை கிடையாது, புது ஆறு கிடையாது. இரண்டும் 1934-இல்தான் வந்தன. அதுவரை இந்தப் பக்கம் ஏரியையும் வானத்தையும் நம்பிய பூமி. பட்டுக்கோட்டையில் பள்ளி, திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை லயோலாவில் பொருளாதார எம்.ஏ., பிறகு சட்டம். 1935-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். 1942 போராட்டத்தில் பிடித்துப் போய் இரண்டு ஆண்டுகள் உள்ளே வைத்தார்கள்.

வெளியே வந்தபின் அவர் செய்த ஒரு காரியம் நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமானது. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அவர்களுக்கு உடந்தையாக இருந்தார்கள் என்று மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்கள் மீது வழக்குகள் போடப்பட்டன. அவர்களுக்காக வாதாட 1946-இல் இந்திய அரசு அனுப்பிய வக்கீல் குழுவில் அவரும் போனார். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி அக்கரைக்குப் போன குடும்பங்கள் நம் தெருவிலேயே எத்தனை இருந்தன! தோட்டத்திலும் கடையிலும் வேலை பார்த்த மனிதனுக்கு, அந்நிய நாட்டுக் கோர்ட்டில் நிற்கும்போது, தன் பாஷை தெரிந்த ஒரு வக்கீல் பக்கத்தில் நிற்பது எவ்வளவு பெரிய பலம் என்று நினைத்துப்பார்.

பிறகு தொழிலாளர் வழக்குகள். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், பத்திரிகையாளர் என்று பல சங்கங்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. 1949-இல் 'லேபர் லா ஜர்னல்' என்ற தீர்ப்புத் தொகுப்பைத் தொடங்கினார். நாங்கள் எல்.எல்.ஜே. என்போம். இதைத்தான் நான் அவருடைய முதல் பெரிய காரியமாக நினைக்கிறேன். தொழில் தகராறுச் சட்டம் வந்தது 1947-இல். சட்டம் புதிது, அதை நீதிமன்றங்கள் எப்படிப் படிக்கின்றன என்பது அடுத்த மாகாணத்து வக்கீலுக்குத் தெரியாது. முதலாளி பக்கம் நிற்கும் பெரிய வக்கீல்களுக்குச் செய்தி எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். சின்ன ஊரில் சங்கத்துக்காக வாதாடுகிறவனுக்கு யார் சொல்வார்கள்? தீர்ப்புகளையெல்லாம் ஓரிடத்தில் அச்சடித்து எல்லோர் கைக்கும் கொண்டுவந்ததால் இரண்டு தரப்பும் ஒரே சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச முடிந்தது.

என் சீனியர் அறையில் அந்தத் தொகுதிகள் ஒரு சுவர் நிறைய இருந்தன. சிவப்புத் தோல் முதுகு, பொன் எழுத்து, உள்ளே ராமபாணப் பூச்சி துளைத்த தாள்கள், பென்சிலால் அவர் போட்ட கோடுகள். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். டிக்கெட் பணத்தில் குறைவு என்று சொல்லி, முறையான உள்விசாரணை இல்லாமலே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். குற்றப்பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவிடவில்லை. சீனியர் நாற்காலி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு பழைய தொகுதியை எடுத்து, தூசியைத் துண்டால் தட்டி, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். எங்கோ ஓர் ஆலைத் தொழிலாளிக்குப் பல ஆண்டுகளுக்கு முன் கிடைத்த தீர்ப்பு. அதை வைத்துத்தான் தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதம் செய்தோம். கண்டக்டருக்கு மீண்டும் வேலை, நிலுவைச் சம்பளத்தில் பாதி. வேலை போனபோது அவருடைய மூத்த பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தாள். தீர்ப்பு வந்த அடுத்த ஜூனில் மறுபடி சேர்ந்தாள். இராஜாமடத்துக்காரர் ஒருவர் தொடங்கிய பத்திரிகை இவ்வளவு தூரம் வந்து வேலை செய்திருக்கிறது. இதை உன் பேத்திக்குக் கட்டாயம் சொல்.

1950-இல் தற்காலிக நாடாளுமன்றம். 1952 தேர்தலில் தஞ்சாவூர்த் தொகுதி. 1957-இல் மறுபடி ஜெயித்தும் அந்த இடத்தை விட்டுவிட்டு, காமராஜர் மந்திரிசபைக்கு வந்தார். டெல்லியை விட்டுவிட்டு மாநிலத்துக்கு வருவது சாதாரண முடிவா? பத்து ஆண்டுகள் தொழில், தொழிலாளர், மின்சாரம், போக்குவரத்து என்று பல துறைகள் அவர் கையில் இருந்தன. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் வந்தது அந்தக் காலத்தில்தான். திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையும் அந்தப் பத்தாண்டில் எழுந்ததுதான். அதில் வேலை கிடைத்து ஷிப்டுக்குப் போய் வந்தவர்கள் நம் வகுப்பிலேயே இருந்தார்கள். நிலமும் இல்லை, படிப்பும் பெரிதாக இல்லை என்றிருந்த வீட்டுக்கு மாதச் சம்பளம் வருவது என்றால் என்ன என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஐக்கிய நாடுகள் சபை ஊழியர்களின் பணித் தகராறுகளை விசாரிக்க ஒரு நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது. 1955 முதல் அதில் உறுப்பினராக இருந்து, 1968 முதல் 1979 வரை அதற்குத் தலைவராகவும் இருந்தார். எங்கே போனாலும் கையில் எடுத்தது ஊழியரின் வழக்கைத்தான்.

இப்போது என் மனக்குறையைச் சொல்கிறேன். அது உன்னுடைய 1991-க்கு முந்தியது. அவர் தஞ்சாவூர் எம்.பி.யாக இருந்த அதே ஆண்டுகளில், தஞ்சையின் கீழ்ப்பகுதியில் பண்ணையாட்கள் சாட்டையடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிராகச் செங்கொடி பிடித்து நின்றார்கள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு அந்தப் போராட்டம்தான் காரணம். ஆனால் ஆலைத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் கிடைத்த தீர்ப்பாயம், உள்விசாரணை, நிலுவைச் சம்பளம் இவையெல்லாம் நடவு நட்டவளுக்கும் ஏர் பிடித்தவனுக்கும் கிடைக்கவில்லை. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட தகராறு வளர்ந்துதான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. தொழிலாளர் சட்டத்தை இந்தியாவிலேயே நன்றாக அறிந்த ஒருவர், தன் தொகுதியின் வயல்களுக்கு அதைக் கொண்டுபோக இன்னும் போராடியிருக்க வேண்டும். அவர் ஒருவர் மேல் மட்டும் இதைச் சுமத்த முடியாது. காங்கிரஸில் நிலச்சுவான்தார்களின் கை ஓங்கியிருந்த காலம் அது. ஆனாலும் வெண்மணி நினைவுத் தூண் முன்னால் நிற்கும்போதெல்லாம் இந்த எண்ணம் எனக்கு வராமல் இருப்பதில்லை.

டெல்லி நாட்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1980-இல் நிதி மந்திரி, 1982-இல் பாதுகாப்பு. அப்துல் கலாமும் சக விஞ்ஞானிகளும் ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் திட்டத்தோடு வந்தபோது, எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்குங்கள் என்று சொன்னவர் இவர். 1983-இல் 388 கோடி ரூபாய்க்கு அந்த ஒருங்கிணைந்த திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 1984-இல் துணைக் குடியரசுத் தலைவர், 1987-இல் குடியரசுத் தலைவர்.

இனி உன் வழக்கு. முதலில் 1990 ஜனவரியைப் பார். நாம் எழுதும் கடிதத்தை அரசாங்கம் பிரித்துப் படிக்க அதிகாரம் கொடுத்த அஞ்சலகத் திருத்த மசோதா 1986-இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜெயில் சிங் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் வைத்திருந்தார். அதை மறுபரிசீலனைக்கு என்று முறைப்படி நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியவர் வெங்கட்ராமன். தலைவர் பதவி, மின்சாரம் போனால் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்கு மாதிரி என்பது அவருடைய கருத்து. அதன்படி சரியாக நடந்துகொண்ட தருணம் அது.

அதற்கு ஓராண்டு கழித்து 1991 ஜனவரி. சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள அரசு. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். மாநில ஆட்சியைக் கலைக்க இடம் தரும் அரசியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவில், ஆளுநர் அறிக்கை இல்லாமலும் குடியரசுத் தலைவர் திருப்தி அடையலாம் என்று வழி இருக்கிறது. அந்த வழியில் பிரதமர் சந்திரசேகர் அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையில் இவர் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவை சொன்னால் தலைவர் கேட்கத்தான் வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையை 44-ஆவது திருத்தம் அவருக்குக் கொடுத்திருந்தது. 1997-இல் உத்தரப் பிரதேசத்துக்கும் 1998-இல் பீகாருக்கும் அப்படித் திருப்பி அனுப்பி கே.ஆர். நாராயணன் அந்த உரிமையைச் செய்து காட்டினார். 1994-இல், கர்நாடக முதல்வராக இருந்த எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், இத்தகைய உத்தரவை நீதிமன்றம் ஆராயலாம் என்று சொன்னது. அன்றைக்கு அந்தத் தீர்ப்பு இல்லை, உண்மை. ஆனால் எல்.எல்.ஜே. நடத்தியவர் அல்லவா? வேலையைவிட்டு ஒருவனை அனுப்புவதற்கே அவன் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர், மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அரசை அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வியாவது எழுப்பியிருக்கலாம். இங்கே நான் முழுக்க உன் கட்சி. திருக்குவளையில் பிறந்தவரின் ஆட்சியை இராஜாமடத்தில் பிறந்தவர் கையெழுத்தால் கலைத்தது நம் ஜில்லாவுக்கே ஒரு வேதனைதான்.

அதற்காக அவருடைய வாழ்க்கையைப் பேத்தியிடமிருந்து மறைக்காதே. 1991-ஐயும் சேர்த்தே சொல். அவள் சட்டம் படிக்கிறவள். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து அவளே ஒரு முடிவுக்கு வரட்டும். கூடவே ஏ.டி. பன்னீர்செல்வத்தையும் சொல். பாரிஸ்டர் படித்துவிட்டு நம் ஜில்லா போர்டுத் தலைவராக உட்கார்ந்து, திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கும் இடம் வாங்கிக்கொடுத்தவர். லண்டனுக்குப் போகும் வழியில் 1940 மார்ச் 1 அன்று ஓமான் வளைகுடாவில் விமானத்தோடு மறைந்துபோனார். உனக்கும் அவரைப் பிடிக்கும் என்பதால் சொல்வது எளிது.

சீனியரின் மகன் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்; அலமாரியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். எல்.எல்.ஜே. தொகுதிகளில் பூச்சி அதிகம் தின்னாதவற்றைத் தனியே எடுத்து, வேப்பிலை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். பேத்திக்கு வேண்டுமா என்று கேட்டு உடனே ஒரு வரி எழுது. தம்பி அடுத்த மாதம் விதைநெல் விஷயமாகக் கும்பகோணம் வரை வண்டியில் வருகிறான்; அங்கிருந்து உன் மருமகன் எடுத்துக்கொள்ளலாம். மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன் அன்பு நண்பன்