வன்கண்

மும்பை, தாராவி
ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் மழைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். டப்ளினில் உங்கள் வேதபாடக் கூட்டத்தில் திராட்சத்தோட்டத்து உவமைக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்களாம். "அப்போ வசனத்துக்கென்று ஒரு அர்த்தம் கிடையாதாப்பா?" என்றாய். அப்போது எனக்குச் சொல்ல வரவில்லை. எழுதினால் வருமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த உவமை வருகிற மத்தேயு 20-ம் அதிகாரம் எனக்கு ரொம்ப காலம் பிடிக்காது. விடியற்காலையிலிருந்து உழைத்தவனுக்கும் ஒரு பணம், கடைசியில் வந்தவனுக்கும் ஒரு பணம். இது என்ன நியாயம் என்று மில் கேன்டீனில் உட்கார்ந்து வாதாடியிருக்கிறேன். அப்போது நான் பெர்மனென்ட். அதற்கு முன்னால் நாலு வருஷம் பத்லியாக, அதாவது மாற்று ஆளாக, இருந்தவன்தான். ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரம் கேட்டில் நிற்போம். யாராவது வராவிட்டால் அந்த இடத்தில் அன்றைக்கு வேலை, இல்லையென்றால் திரும்பி நடக்க வேண்டியதுதான். ஆனால் 1979-ல் பெர்மனென்ட் ஆன கொஞ்ச நாளிலேயே கேட்டில் நிற்கிறவர்களைப் பார்த்து, 'உருப்படியாக வேலை செய்தால் இவர்களையும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா' என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். பட்டதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் மறந்துபோயிற்று.

1982 ஜனவரி 18-ந் தேதி பம்பாய் மில் ஸ்டிரைக் ஆரம்பித்தது. யூனியன் தலைவர் தத்தா சாமந்த் பின்னால் சுமார் இரண்டரை லட்சம் பேர் நின்றோம். ஒரு வருஷம் தாண்டியும் முடிவு வரவில்லை. எங்கள் மில் என்னைத் திரும்ப எடுக்கவே இல்லை. அப்புறம்தான் நாக்காவில், அதாவது கூலிக்கு ஆள் பிடிக்கிற முச்சந்தியில், போய் நின்றேன்.

உனக்கு இதை நான் சொன்னதில்லை. காலை 7 மணிக்குப் பெயின்ட் அடிக்கிறவன் பிரஷ்ஷோடு, கொத்தனார் கரண்டியோடு வந்து நிற்பார்கள். என் கையில் டிபன் டப்பா மட்டும்தான். கான்ட்ராக்டர் வந்து ஆட்களின் தோளைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான், "தூ, தூ" (இந்தியில் 'நீ, நீ') என்று விரல் நீட்டி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவான். 10 மணிக்கு மேல் யாரும் வர மாட்டார்கள். வீட்டுக்குப் போகலாம், ஆனால் அம்மா கட்டிக்கொடுத்த டப்பாவோடு எப்படிப் போவது? உன் அண்ணன் அப்போது கைக்குழந்தை. மத்தியானம் மூடிக்கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு, மறுபடி வந்து நின்றேன். 5 மணிக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் குடும்ப ஜெபத்தில் அம்மா அதே அதிகாரத்தை வாசித்தாள். பதினோராம் மணி வேளையில் தோட்டத்துக்குச் சொந்தக்காரனான வீட்டெஜமான் போய், ஏன் பகல் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். எத்தனை தடவை வாசித்த வசனம்! அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா விளக்கைக் கொஞ்சம் தணித்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

அப்புறம் நம் சர்ச் ஐயரிடம், அதாவது போதகரிடம், போய்க் கேட்டேன். பதினோராம் மணி என்றால் நம் கணக்கில் சாயங்காலம் 5 மணி, 6 மணிக்கு வேலை முடிந்துவிடும் என்றார். அந்தப் பணம் ஒரு கூலிக்காரனின் ஒருநாள் பிழைப்பு. ஏழையின் கூலியைப் பொழுது போவதற்குள் கொடுத்துவிட வேண்டும், அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்று உபாகமம் 24-ல் இருப்பதையும் எடுத்துக் காட்டினார். பார்த்தாயா, இதெல்லாம் நான் நாக்காவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது இல்லை. வேதத்தில் முதலிலிருந்தே இருந்தது. நாக்காவில் நின்றதால் அதைத் தேடிப் போனேன், அவ்வளவுதான். அதனால், ஆளுக்கொரு அர்த்தம் சொன்னால் வசனத்துக்கு அர்த்தமே இல்லை என்று ஆகிவிடாதும்மா. ஆனால் சொல்கிறவன் எங்கே நின்று சொல்கிறான் என்று பார். அவன் சொன்னது அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்.

கடைசியில் வீட்டெஜமான் கேட்கிறானே, "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று. கிரேக்க மூலத்தில் 'பொல்லாத கண்' என்றே இருக்கிறதாம், அடுத்தவனுக்குக் கிடைக்கிற நன்மையைப் பொறுக்காத கண். அந்தக் கண் எனக்கும் இருந்தது, அதுவும் உன் விஷயத்தில்.

2016-ல் நீ அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது, எபேசியர் 6-ஐத் திறந்து, "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்" என்று உன் முன்னால் வாசித்தேன். நீ ஒன்றும் பேசாமல் எழுந்து போனாய். அதே அதிகாரம் நாலாம் வசனத்தில், "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று இருக்கிறது. அங்கே நான் போகவே இல்லை. உன்னை அனுப்பப் பயந்தேன், அந்தப் பயத்துக்கு வசனத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கு நான் செய்தது தப்பு. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததும் தப்பு. என்னை மன்னித்துவிடு மகளே.

உங்கள் கூட்டத்தில் அந்த நைஜீரியாக்காரப் பெண் வேறு ஏதோ சொன்னாள் என்று ஆரம்பித்தாய், அதற்குள் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது அவள் சொன்னதை முழுசாகச் சொல். அம்மாவும் கேட்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா