சிங்கராஜ வனத்துக்கு வரப்போகும் மகனுக்கு

யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை ஆறுதலாக இருந்து வாசித்தேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, மறுநாள் காலை கித்துல்கலவில் பறவை பார்த்து, அன்று மாலையே சிங்கராஜ வனத்துக்குப் போய், அங்கே ஓர் இரவு மட்டும் தங்கி, அடுத்த நாள் நுவரெலியாவுக்கு ஏறி, ஹோர்ட்டன் சமவெளியையும் முடித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்வதாக எழுதியிருக்கிறாய். இலங்கைக்கே உரிய பறவை இனங்கள் முப்பதுக்கு மேல் உள்ளன என்றும், இந்த வழியில் வந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறாய். கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் சென்ற பெப்ரவரியில் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவோடு அந்தக் காட்டுக்குள் நடந்து வந்தவள் என்ற முறையில், சிங்கராஜவுக்கு ஓர் இரவு போதாது, மூன்று இரவாவது ஒதுக்கு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா" என்றுவிட்டு நீ உன் திட்டப்படியே நடப்பாய் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் காட்டில் பறவை பார்ப்பது நீ பழகிய சதுப்பு நிலங்களிலும் பூங்காக்களிலும் பார்ப்பதைப் போன்றதன்று. இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து, 8,864 ஹெக்டேயர் அளவில், ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்தில் தொடங்கி 1,170 மீற்றர் வரை ஏறும் மலைமுகடுகளை மூடி நிற்கும் மழைக்காடு அது. மரங்களில் அறுபது வீதத்துக்கும் மேற்பட்டவை இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதவை. முப்பது மீற்றருக்கும் மேலே இலைக்கூரை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் நண்பகலிலும் கீழே மங்கல் வெளிச்சந்தான். பறவை தலைக்கு மேலே இருக்கும், குரல் கேட்கும், கழுத்து நோகும் வரை அண்ணாந்து பார்த்தாலும் ஓர் இலை அசைவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதல் நாள் முற்பகலில் எங்கள் குழுவில் பாதிப்பேர் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குடாவ வாயிலிலிருந்து காட்டுக்குள் செல்லும் பாதை அகலமானது. எழுபதுகளில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இந்தக் காட்டு மரங்களை வெட்டி ஏற்றுவதற்கென்று போடப்பட்ட பாதை அது. அன்று எழுந்த எதிர்ப்பினால் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டு, 1978இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தளமாகவும் சிங்கராஜ அறிவிக்கப்பட்டது. பாதை அகலமாக இருப்பதனால்தான் இருபுறத்து மரங்களையும் உச்சிவரை பார்க்க முடிகிறது என்று எங்கள் வழிகாட்டி சொன்னபோது, காட்டை அழிக்கப் போட்ட பாதைக்கு நன்றி சொல்வதா கோபிப்பதா என்று எனக்குப் புரியவில்லை.

இந்த வழிகாட்டியைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் திட்டத்தில் 'வழிகாட்டி, தேவைப்பட்டால்' என்று குறித்திருக்கிறாய். சிங்கராஜவுக்குள் வழிகாட்டி இல்லாமல் போக விடமாட்டார்கள், விட்டாலும் போகாதே. எங்களை அழைத்துச் சென்றவர் காட்டோரக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். கித்துள் என்னும் பனையின மரத்திலிருந்து கள் இறக்கும் குடும்பம். பறவைகளின் பெயர்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்வார். என் அரைகுறைச் சிங்களமும் அவருடைய பறவை ஆங்கிலமும் எங்கள் இருவருக்கும் போதுமானவையாக இருந்தன. அவர் கண்ணால் பறவை தேடுவதை நான் அதிகம் பார்க்கவில்லை. நடக்கும்போது தலையைச் சற்றுச் சாய்த்தபடியே வருவார், திடீரென்று நின்றுவிடுவார், நாங்களும் நின்றாக வேண்டும். எங்கள் குழுவில் ஓயாமல் பேசும் ஒருவர் இருந்தார். அவரைத் தன் பக்கத்திலேயே நடக்கச் சொல்லி, தொலைநோக்கித் தாங்கியைத் தூக்கும் பொறுப்பையும் கொடுத்து, மிகுந்த மரியாதையோடு வாயை அடைத்துவிட்டார். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றிருந்தும் இந்த உபாயம் எனக்குத் தோன்றியதில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சிங்கராஜவில் பறவைகள் தனித்தனியே காத்திருப்பதில்லை. பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டமாக, மேய்ந்துகொண்டே நகர்கின்றன. கூட்டம் இல்லாத இடத்தில் காடு வெறுமையாக இருக்கும். வந்துவிட்டால் எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரியாது. பறவை ஆய்வாளரான பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் எண்பதுகளிலிருந்து நெடுங்காலம் இந்தக் கூட்டங்களைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் 11 இனங்களும் 40 பறவைகள் அளவிலும் இருப்பதாக அவர்களுடைய பதிவுகள் சொல்கின்றன. கூட்டத்தின் மையம் செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள். நம் வளவில் கத்தித் திரியும் தவிட்டுக்குருவியின் உறவு. பார்வைக்கு எளிமையானது, சளசளவென்று ஓயாத சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே மற்றப் பறவைகள் கூட்டம் இருக்கும் இடத்தை அறிகின்றன, வழிகாட்டியும் அறிகிறார்.

கூட்டத்தின் காவல்காரன் கொண்டைக் கரிச்சான். நம் ஊர் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானைவிடப் பெரியது, நெற்றியில் கொண்டை உண்டு. சிலம்பன்கள் இலைகளைக் கிளறும்போது பறந்தெழும் பூச்சிகளை இது பிடித்துண்கிறது. பதிலுக்கு வல்லூறு வந்தால் முதலில் எச்சரிக்கிறது. சிலம்பனும் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், ஆனால் அது எதற்கெடுத்தாலும் கத்துவதால் கரிச்சானின் குரலே கூடுதலாக நம்பத்தக்கது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இதைவிட வியப்பானது, கரிச்சான் பிற பறவைகளின் பாட்டைத் தான் பாடிக் காட்டி அவற்றைக் கூட்டத்துக்கு ஈர்க்கிறது என்பதும், ஆபத்து வேளையில் எதிரியின் குரலையும் பிற இனங்களின் எச்சரிக்கைக் குரலையும் எடுத்து ஒலிக்கிறது என்பதும். பூசணமும் அல்காவும் சேர்ந்த இலைக்கனைத்தான் ஒன்றியவாழ்வுக்கு உதாரணமாக ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். இந்தக் கூட்டத்தை அன்றே பார்த்திருந்தால் அந்தப் பாடத்தை வேறுவிதமாக நடத்தியிருப்பேன்.

நாங்கள் கண்ட கூட்டம் வருவதற்கு முன் பாதையின் வளைவொன்றில் நெடுநேரம் வெறுமனே நின்றோம். குழுவில் சிலர் இன்னும் உள்ளே போகலாம் என்று அவசரப்படுத்தினார்கள். வழிகாட்டி அசையவில்லை, சிலம்பன்களின் குரல் பள்ளத்திலிருந்து மேலேறி வருகிறது, நாம் போனால் அது நம்மை விட்டு விலகும், நின்றால் நம் தலைக்கு மேலாகக் கடக்கும் என்றார். அப்படியே நடந்தது. முதலில் சிலம்பன்கள் பாதையின் இருபுறமும் புதர்களில் இறங்கின. கீழே தரையோரமாகச் சாம்பல் நிறத் தலையுடைய சிரிப்பான்கள் சருகைப் புரட்டிக்கொண்டு வந்தன. நடுக்கிளை ஒன்றில் தீக்காக்கை, ஆண்பறவை, அசையாமல் தன் சிவந்த வயிற்றைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தது. செம்முதுகு மரங்கொத்தி தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறியது. நீல மக்பைகள் இரண்டு, செந்தலையும் செவ்வலகும் நீல உடலுமாக, எங்களைப் பொருட்படுத்தாமலே குறுக்கே பறந்தன. கூட்டத்தோடு அணில்களும் ஓடின. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சிக் கொப்பில், செம்முகப் பூங்குயிலின் நீண்ட வாலை மட்டும் முதலில் கண்டேன். பிறகு அது திரும்பியபோது கண்ணைச் சுற்றிய சிவப்பு முகத்தையும் கண்டேன். பெரிய, குலையாத காடு வேண்டிய பறவை அது; காடு சுருங்கச் சுருங்க அதுவும் குறைகிறது. எல்லாம் கடந்து போவதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்குமோ என்னவோ. எங்களில் கமெரா வைத்திருந்தவர்கள் அந்த நேரம் முழுவதையும் குவியத்தைச் சரிசெய்வதிலேயே கழித்தார்கள்.

இந்தக் கூட்டம் எந்த வேளையில் எந்த வளைவில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே காலையில் காணக் கிடைப்பது அதிர்ஷ்டம். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை, அங்கே எந்த மாதத்திலும் மழை பெய்யும். ஓர் இரவு தங்குகிறவன் கூட்டத்தைத் தவறவிட்டால், மறுநாள் அதிகாலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். மூன்று இரவு என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

நேரமில்லாதவர்கள் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு, அதை நீ எடுக்கக்கூடாது. பதிவுசெய்த குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பது. தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதென்று எண்ணி அது இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடிவருகிறது. அடுத்தடுத்து வரும் குழுவெல்லாம் இதையே செய்தால் அதன் நாள் இதிலேயே போய்விடும். பச்சை அலகுச் செண்பகத்துக்காக எங்கள் குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டார். அது மூங்கில் புதருக்குள்ளேயே திரியும், குரலைக் கேட்பவர்கள் பலர், பார்ப்பவர்கள் சிலர். வழிகாட்டி சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். செண்பகம் வெளியே வரவில்லை. எனக்கு ஏமாற்றந்தான், ஆனாலும் மறுத்தது சரி.

ஆந்தையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் 1995இல் இனந்தெரியாத ஒரு குரலைக் கேட்டு, அதை விடாமல் தேடி, 2001இல் சிங்கராஜவில் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டார். 2004இல் அது செரண்டிப் ஆந்தை என்ற புதிய இனமாக விவரிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையில் புதிய பறவை எதுவும் கண்டுபிடிக்கப்படாதிருந்த நிலையில் வந்த செய்தி அது. செம்பழுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, பகலில் பெரும்பாலும் தாழ்ந்த புதர்களுக்குள் உறங்கும். எங்கள் வழிகாட்டி பாதையோரம் எங்களை உட்காரவைத்துவிட்டுத் தனியே உள்ளே போய்த் தேடினார். வெகுநேரம் கழித்து வந்து இல்லை என்று தலையசைத்தார். அதற்குப் பதிலாக, தங்குமிடத்துக்குத் திரும்பும் வழியில், பக்கம் பக்கமாக ஒட்டி உறங்கிய தவளைவாயன் என்னும் இராப்பறவைச் சோடி ஒன்றைக் காட்டினார். கையெட்டும் உயரத்தில் இருந்தும் காய்ந்த சருகுகள் இரண்டு கொடியில் சிக்கிக்கிடப்பதாகவே எனக்குத் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றின் அலகையும் விரலால் வரைந்து காட்டிய பிறகே பறவை என்று ஒப்புக்கொண்டேன்.

மூன்று இரவுக்கு நாள் எங்கிருந்து எடுப்பது என்று கேட்பாய். கித்துல்கலவை விட்டுவிடு, அங்குள்ள தாழ்நிலக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை சிங்கராஜவிலும் உண்டு. மலைநாட்டை விடாதே. மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும் சீழ்க்கைப் பூங்குருவியும் குளிர்ந்த மேட்டுநிலத்துக்கு உரியவை. பூங்குருவிக்காக ஹோர்ட்டன் சமவெளியில் அரெங்கா குளத்தடியில் விடியுமுன்னரே போய் நிற்க வேண்டும். வெளிச்சம் ஏறிவிட்டால் அது உள்ளே ஒளிந்துவிடும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில், மாரிகாலத்தில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியையும் பார்க்கலாம். அங்கே இரண்டு இரவு போதும்.

ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை ஒப்பீட்டளவில் மழை குறைவு. அட்டைகள் எப்போதும் உண்டு. முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை மூன்று சோடி கொண்டுவா, மருமகளுக்கும் பேத்திக்கும் சேர்த்து. ஊரவர்கள் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொள்கிறார்கள், எனக்கு அதுவும் உதவியது. கடும் நிற உடுப்பு வேண்டாம். கடைசிச் சில கிலோமீற்றர் பாதை கரடுமுரடானது, ஜீப் பிடிக்க வேண்டியிருக்கும். பேத்திக்கு வாந்தி வரும் என்பதால் காலைச் சாப்பாட்டைக் குறைவாகக் கொடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை காட்டுக்குள் அவ்வளவு நேரம் நிற்பாளோ என்று மருமகள் தயங்கினால், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல். காட்டோரக் கிராமத்திலேயே முற்றத்தில் காட்டுக்கோழி மேயும், அவளுக்கு அது போதும்.

வழிகாட்டியின் தொலைபேசி எண்ணை அப்பா உனக்குத் தனியே அனுப்புவார். வெளிநாட்டுக் குழுக்கள் பல மாதம் முன்னதாகவே அவரைப் பிடித்துவைத்துவிடுகின்றன, ஆகையால் விமானச்சீட்டு எடுத்த அன்றே அவரோடு பேசிவிடு. கொழும்பிலிருந்து நானும் உங்களோடு வருகிறேன். ஆந்தையும் பச்சை அலகுச் செண்பகமும் எனக்கு இன்னும் பாக்கி.

அன்புடன்,
அம்மா