கொசுவலைக்குள் ஒரு தையல் மெஷின்: கதண்டுக் கூட்டுக்குப் பொறுப்பான அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பெயரும் பதவியும் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்கள் தெருவுக்குப் பின்னால் நிற்கும் பனைமரத்தில் கதண்டு, அந்தப் பெரிய விஷக் குளவி, கூடு கட்டியிருக்கிறதே, அதை எடுப்பது யாருடைய வேலை என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் தெரியவில்லை. அது யாருடைய வேலையோ அவருக்குத்தான் இந்த மடல்.

விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். படத்தோடு மூன்று மனு உங்களிடம் இருக்கிறது. மரம் புறம்போக்கில் நிற்கிறது, நாங்கள் தொட முடியாது என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். பக்கத்தில் கரண்டு கம்பி போகிறது, நிறுத்துவதற்குக் கடிதம் வேண்டும் என்று இன்னொரு இடத்தில் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை முதல் இடத்தில்தான் வாங்க வேண்டுமாம். சரி, அதை விடுங்கள். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து திண்ணை லைட்டைப் போட்டார். கழுத்தில் ஒன்று, காதோரம் இரண்டு கொட்டிவிட்டது. எல்லாரும் செய்வதுபோல் சுண்ணாம்பு தடவினோம். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. 108 வந்து, ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிழைத்தார். ஒவ்வாமை இருக்கிற உடம்புக்கு ஒரு கொட்டே போதும், இல்லாதவரையும் கூட்டமாகக் கொட்டினால் சிறுநீரகம் கெட்டுப்போகும், இனிமேல் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராதீர்கள் என்று டாக்டர் திட்டித்தான் அனுப்பினார்.

மறுநாள் உங்களுடையது என்று எனக்குக் கொடுக்கப்பட்ட எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஊர்ல ஆம்பளைங்களே இல்லையா? பெட்ரோல ஊத்திக் கொளுத்தி விடுங்க" என்றார்.

இருக்கிறார்கள் ஐயா. அவர்கள் கொளுத்தப் போகாமல் பிடித்து வைத்திருப்பதே நாங்கள்தான். கூடு முப்பதடி உயரத்தில், காய்ந்த மட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. கம்பி கைக்கெட்டும் தூரம். கீழே வைக்கோல் போர். தேனீயாவது ஒரு தடவை கொட்டினால் கொடுக்கைத் தோலிலேயே விட்டுவிட்டுச் செத்துப்போகும். கதண்டு அதே கொடுக்கால் திரும்பத் திரும்பக் கொட்டும். ஒன்றை நசுக்கினால் கிளம்புகிற வாடைக்கு மற்றதெல்லாம் திரண்டு வரும். வீட்டுக்குள் வந்ததைத் துடைப்பத்தால் அடிக்கக்கூட நாங்கள் யோசிப்பது அதனால்தான். உடம்பு முழுக்க மூடுகிற உடுப்பு போட்டுக்கொண்டு, எல்லாம் கூட்டில் அடங்கிய பிறகு, இருட்டில் செய்ய வேண்டிய வேலை இது. உடுப்பும் ஏணியும் பழகிய ஆட்களும் அரசாங்கத்திடம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு தீப்பெட்டி. தயவுசெய்து ஒரு ராத்திரி வந்து அந்தக் கூட்டை எடுத்துவிடுங்கள்.

பகலில் கூட்டமாகப் பறப்பதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எங்களுக்குக் கஷ்டம் ராத்திரியில். நான் பகலில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறேன், ராத்திரியில் துணி தைக்கிறேன். ஐப்பசிதான் எனக்கு அறுவடை மாதம். தீபாவளிக்குத் தைக்க வந்த ஜாக்கெட் துணி இரண்டு பை நிறையக் கிடக்கிறது. டியூப்லைட்டைப் போட்டால் பத்து நிமிஷம்கூட ஆவதில்லை, 'டப்'பென்று லைட்டில் வந்து மோதுகிறது ஒன்று. அப்புறம் இன்னொன்று. ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டேன். ஓட்டு வீடு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தை எதை வைத்து அடைப்பது? ஈசலாக இருந்தால் லைட்டை அணைத்துவிட்டு ஒரு குண்டானில் தண்ணீர் வைத்தால் போதும்.

அதனால் உத்திரத்திலிருந்து கொசுவலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள்ளே மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சார்ஜ் லைட் ஒன்றுதான் வெளிச்சம். அதையும் துணி போட்டுப் பாதி மூடி வைக்கிறேன். காற்று கிடையாது. சக்கரத்தில் வலை சிக்கி இரண்டு தடவை கிழிந்துவிட்டது, அதே மெஷினில் தைத்துக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், அவளும் அதே வலைக்குள் என் காலடியில் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெடலை நான் மிதிக்கும்போதெல்லாம் அவள் முழங்காலில் இடிக்கிறது. கறுப்புத் துணியைத் தொடுவதே இல்லை. மெரூன் துணிக்குச் சிவப்பு நூல் போட்டுத் தைத்துவிட்டு, விடிந்து பார்த்து, முழுவதையும் பிரித்தேன். அதற்குள் ஒரு அக்கா தன்னுடைய ஆறு ஜாக்கெட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டு டவுன் கடைக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தீபாவளி அவர்களுக்காகக் காத்திருக்காது.

மகள்தான் சொன்னாள், அந்தக் கூடு முழுக்கக் காகிதமாம். காய்ந்த மரத்தைச் சுரண்டி, எச்சில் சேர்த்து மென்று, அப்படியே பூசிப் பூசிக் கட்டுமாம். ஒரு பூச்சி வெறும் காகிதத்தை வைத்துத் தண்ணீர்க் குடத்தைவிடப் பெரிய வீடு கட்டிவிட்டது. நாங்களும் இரண்டு மாதமாகக் காகிதம்தான் கொடுக்கிறோம், ஒரு ஏணி வரவில்லை.

2011இல் 'தானே' புயல் அடித்து எங்கள் ஓடெல்லாம் பறந்தபோது ஜீப் வந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல் மழைக்குத் தெருவில் தண்ணீர் நின்றபோதும் வந்தது, போட்டோகூட எடுத்தார்கள். புயலுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, அதனால் வருகிறீர்கள் போலிருக்கிறது. இந்தக் கூட்டுக்கும் நல்லதாக ஒரு பெயர் வைத்து, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று அறிவித்தால் கேமராவோடு யாராவது எட்டிப் பார்ப்பீர்களோ என்னவோ. அதற்கும் எந்தப் பிரிவு பொறுப்பு என்று மூன்று இடம் அலைய வேண்டியிருக்கும்.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

கதண்டு இனத்தையே அழிக்கச் சொல்லவில்லை. தோப்பில் புழுவைப் பிடித்துத் தன் குஞ்சுக்குக் கொடுக்கிற பூச்சி, அங்கே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு நாற்பதடி தள்ளி, பிள்ளைகள் நடக்கிற வழிக்கு நேர்மேலே இருக்கிற இந்த ஒரு கூட்டைத்தான் கேட்கிறோம். கடிதம் யார் யாருக்குத் தர வேண்டும் என்பதை உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு ராத்திரி, கம்பியில் கரண்டை நிறுத்திவிட்டு, உடுப்போடு ஆட்களை அனுப்பி அதை எடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முன்னால் என்றால் என் கும்பிடு கூடுதலாக ஒன்று.

என்றைக்கு என்று காலையிலேயே சொல்லிவிட்டால் போதும். மாட்டை அவிழ்த்துக் கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் கட்டிவிடுவோம், வைக்கோலை இழுத்துத் தள்ளி வைத்துவிடுவோம், தெருவில் ஒரு வீட்டிலும் லைட் எரியாமல் பார்த்துக்கொள்வோம். அது எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

இப்படிக்கு,
பனைமரத்துக்கு நேர் பின்வீட்டுத் தையல்காரி