வளவு ஓவியமும் ஐபேடும்: மாப்ளைக்கு ஒரு கடிதம்

மதுரை
ஞாயிறு மாலை

மாப்ளே,

கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. நீ ஐபேட் வாங்கியதும், புரோகிரியேட் என்ற வரையும் ஆப்பை ஏற்றியதும், காரைக்குடி வீட்டு வளவை, அந்த முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் சேர்ந்த நடுக்கட்டை, 3 அடிக்கு 2 அடி கேன்வாஸில் அக்ரிலிக்கில் போடப் போவதும் படித்துச் சந்தோஷம். இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித் தாள் மாதிரி) புலம்பல். 'எட்டுக்கு மேல் லேயர் கேட்டால் இல்லை என்கிறது, இதற்கா இவ்வளவு காசு' என்று. குற்றம் ஐபேட் மேல் இல்லையடா, நீ ஆப்பில் திறந்த கேன்வாஸ் அளவில்தான் இருக்கிறது.

36க்கு 24 அங்குலம், 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, என்று போட்டிருக்கிறாய். 10800க்கு 7200 பிக்சல். ஏறக்குறைய 7.8 கோடிப் புள்ளி. புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தாலே ஒரு லேயருக்கு 311 எம்பி ஆகிறது. எத்தனை லேயர் தரலாம் என்பதைக் கேன்வாஸ் அளவையும் உன் ஐபேடின் வேலை நினைவகமான ரேமையும் பார்த்துத்தான் அந்த ஆப் முடிவு செய்யும். ஸ்பேனர் படத்தைத் தொட்டு, கேன்வாஸ், அதற்குள் கேன்வாஸ் இன்ஃபர்மேஷன், லேயர்ஸ் என்று போனால் மொத்தம் எத்தனை, மிச்சம் எத்தனை என்று காட்டும். இப்போது அதையே 100 டிபிஐயில் திற. 3600க்கு 2400. லேயருக்கு 35 எம்பிதான், ஒன்பதில் ஒரு பங்கு. இன்னொரு சௌகரியம், 100 பிக்சல் ஓர் அங்குலம். கட்டம் போடும்போது மனக்கணக்கே போதும்.

100 டிபிஐ அச்சுக்குப் போதாதே என்பாய். போதாதுதான். ஆனால் நீ அச்சிடப் போவதில்லை, கேன்வாஸில் தீட்டப் போகிறாய். பின்னால் இதே படத்தை ஏ3 அச்சாக விற்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாக 4961க்கு 3508 பிக்சலில், 300 டிபிஐயில் ஒரு ஃபைல் திற. புரோகிரியேட்டில் எல்லாம் பிக்சல் கணக்கு. சின்னதாக வரைந்ததைப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் பஞ்சு போல் ஆகிவிடும். அச்சகத்துக்கென்றால் அச்சு மைக்கான சிஎம்ஒய்கேயா திரைக்கான ஆர்ஜிபியா என்பதையும் திறக்கும்போதே முடிவு செய்துகொள். ஒன்றில் திறந்த கேன்வாஸை நடுவில் மற்றதாக மாற்ற விடாது.

ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி ஐபேடிலேயே வரைகிறாரே, நான் மட்டும் ஏன் கேன்வாஸுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டிருந்தாய். அவர் 2011இல் யார்க்‌ஷர் கிராமப்புறத்து வசந்தத்தை 51 ஐபேட் படங்களாக வரைந்து பெரிய காகிதத்தில் அச்சிட்டார். 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் அவை தொங்கியபோது கூடவே 32 கேன்வாஸ்களைச் சேர்த்துத் தீட்டிய ஓர் எண்ணெய் ஓவியமும் இருந்தது. இரண்டையும் தனித்தனி வேலையாகவே வைத்துக்கொண்டார். நீ ஐபேடில் ஒவ்வொரு தூணின் மரரேகை வரை முடித்துவிட்டால், பிறகு கேன்வாஸில் செய்வது வெறும் நகல் வேலை, கை சோம்பிவிடும். எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, கண்மட்டம் எது, தரை எவ்வளவு தூரம் ஓடுகிறது, இந்த நாலும் தீர்ந்ததும் பென்சிலைக் கீழே வை.

முதலில் வெளிச்சம். ஒரே கேன்வாஸில் நாலு சின்னக் கட்டம் போட்டு, தடித்த பிரஷ்ஷில், மூன்றே சாம்பல் நிறத்தில் நாலு விதமாகப் போட்டுப் பார். கட்டம் உள்ளங்கை அளவுக்கு மேல் வேண்டாம். ஜூம் செய்யாதே. ஜூம் செய்தால் உடனே சன்னல் கம்பியை எண்ண ஆரம்பித்துவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு. உச்சி வெயில் முற்றத்தில் விழுகிறபோது சுற்றுத் தாழ்வாரம் முழுக்க ஒரே இருட்டாக நிற்க வேண்டும், அதில் தூணும் கதவும் கொஞ்சம்தான் பிரிந்து தெரியும். வண்ணம் போட ஆரம்பித்த பிறகும் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் வைத்துக் கறுப்பால் நிரப்பி, பிளெண்ட் மோடை, அதாவது அடி லேயர்களோடு கலக்கும் விதத்தை, 'கலர்' என்று மாற்று. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாகும். அந்த லேயரை அணைத்து ஏற்றிப் பார்த்தால், பளிச்சென்று இருந்த சிவப்பு ஓடும் பச்சை ஓடும் ஒரே சாம்பலாகக் கிடப்பது தெரிந்துவிடும்.

அடுத்து தரை. இதில்தான் ஐபேட் தன் காசுக்கு உழைக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஃபோட்டோவில் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்கிற கல், எட்டு அங்குலச் சதுரம் போலத் தெரிகிறது. அந்தப் பூவை அறுபது எழுபது தடவை சாய்கோணத்தில் கையால் வரைய முடியாது, வரையவும் வேண்டாம். 1024க்கு 1024 பிக்சலில் தனிக் கேன்வாஸ் திற. கேன்வாஸ் மெனுவில் உள்ள டிராயிங் கைடில் சிமெட்ரி, அதன் ஆப்ஷனில் குவாட்ரன்ட். ஒரு மூலையில் கால் பூ போட்டால் மற்ற மூன்றும் தானே வரும். லேயர் பெயருக்குக் கீழே 'அசிஸ்டெட்' என்று இருக்கிறதா பார்த்துக்கொள், புது லேயர் எடுத்தால் அது போய்விடும், கால் பூவோடு நின்றுவிடும். முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே லேயராக்கிக் காப்பி செய்து, 2048க்கு 2048 இன்னொரு கேன்வாஸில் ஒட்டி, 256 பிக்சலுக்குச் சுருக்கி மேல் மூலையில் வை. நகர்த்தவும் சுருக்கவும் உள்ள டிரான்ஸ்ஃபார்மில், ஓரத்தோடு ஓரம் தானே ஒட்டவைக்கும் ஸ்நாப்பிங் போட்டிருக்க வேண்டும். பிறகு டூப்ளிகேட் எடுத்துப் பக்கத்தில் ஒட்டி மெர்ஜ். ஒன்று இரண்டாச்சு. இரண்டு நாலு, நாலு எட்டு. அந்த வரிசையைக் கீழ்நோக்கி அதே மாதிரி மூன்று தடவை. மொத்தம் ஆறே டூப்ளிகேட்டில் 64 கல்.

ஒட்டிய இடத்தில் மயிரிழை போல வெளுப்பு தெரியும். சுருக்கும்போது ஓரப் பிக்சல்கள் பாதி ஒளிபுகும்படி ஆகிவிடுவதால் வருவது. அழிக்க மெனக்கெடாதே. அடியில் சிமென்ட் நிறத்தில் ஒரு லேயர் போடு, நிஜத் தரையிலும் கல்லுக்குக் கல் இணைப்பு உண்டல்லவா, அதுவாகிவிடும்.

இப்போது 3600க்கு 2400 என்று திறந்த முதல் கேன்வாஸுக்கு வா. டிராயிங் கைடில் பெர்ஸ்பெக்டிவ் எடுத்து ஒரே ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளி வழியாகப் போகும் கிடைக்கோடுதான் கண்மட்டம். நின்று பார்த்தால் தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி. தரையில் சம்மணம் போட்டுப் பார்த்தால் அதில் பாதி, தரை நசுங்கிக் கல்லெல்லாம் கோடாகிவிடும். பூ தெரிய வேண்டுமென்றால் நின்றே பார். 64 கல்லையும் ஒட்டி, டிரான்ஸ்ஃபார்மில் டிஸ்டார்ட் எடுத்து நாலு மூலையையும் இழு. பக்கவாட்டு ஓரங்கள் இரண்டும் புள்ளியை நோக்கிப் போக வேண்டும், முன்னும் பின்னும் கிடையாக நிற்க வேண்டும்.

பலரும் சறுக்குவது இதற்கு அப்புறம். ஓரங்கள் சரியாக இருந்தாலும் பின் ஓரத்தை எவ்வளவு மேலே ஏற்றுவது என்பதை ஆப் சொல்லாது. கூட ஏற்றினால் கல் நீளமாகும், குறைத்தால் அகலமாகும், சதுரம் மட்டும் இருக்காது. சோதனை இது: தனி லேயரில் ஒரு கல்லின் மூலைவிட்டத்தை நீட்டிக் கண்மட்டக் கோட்டில் முட்ட விடு. கோடு போட்டுப் பென்சிலை எடுக்காமல் பிடித்திருந்தால் நேர்கோடாக நிமிர்ந்துகொள்ளும். அது முட்டுகிற இடத்துக்கும் உன் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம்தான் பார்ப்பவன் நிற்கிற தூரம். படத்தின் அகலம் 3600 பிக்சல் என்றால் அந்தத் தூரம் 3600க்குக் குறையாமல் வைத்துக்கொள். முட்டுமிடம் கேன்வாஸுக்கு வெளியே போய்விடும், அங்கே பென்சில் ஓடாது. அதனால் படத்தின் நகலை அதே கேன்வாஸின் நடுவில் கால் அளவுக்குக் குறுக்கி வைத்து அதில் இந்தச் சோதனையைச் செய், அங்கே 3600 என்பது 900 ஆகும். தூரம் குறைந்தால் முன்வரிசைக் கல், ஈரத்தில் இழுத்த பாய் மாதிரி மூலைக்கு நீண்டு கிடக்கும்.

டிஸ்டார்ட் செய்வதற்கு முன் தட்டைத் தரையை டூப்ளிகேட் எடுத்து மறைத்து வை. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மும் பிக்சலைப் புதிதாகக் கணக்கிடும், நாலு தடவை இழுத்தால் பூ மங்கிவிடும். தவிர, கேன்வாஸுக்கு வெளியே போன பகுதியை டிரான்ஸ்ஃபார்ம் முடிந்ததும் வெட்டிவிடும். பிறகு உள்ளே இழுத்தால் மொட்டையாகத்தான் வரும். தப்பினால் திரும்ப மறைத்து வைத்ததிலிருந்து தொடங்கு. அன்டூவை நம்பாதே. இரண்டு விரல் தட்டினால் பின்னால் போகும், சரி. ஆனால் கேலரிக்குப் போய்விட்டு வந்தால் பழைய அன்டூ எதுவும் இருக்காது.

தரை சரியாகிவிட்டால் தூண்களுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். எத்தனை கல்லுக்கு ஒரு தூண் என்று ஃபோட்டோவில் எண்ணி அதே கல்லில் நிறுத்து. ஃபோட்டோ மேலேயே படியெடுக்காதே. ஃபோனைச் சாய்த்துப் பிடித்ததில் உன் தூண்கள் எல்லாம் மேலே போகப் போக உள்ளே சாய்ந்திருக்கின்றன. கேன்வாஸ் மெனுவில் 'ரெஃபரன்ஸ்' என்று ஒரு மிதக்கும் சன்னல் வரும், ஃபோட்டோவை அதில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்.

நிழலுக்கு, அடிநிறத்தை இருட்டாக்கும் மல்ட்டிப்ளை லேயரை எல்லோரும் போடுவார்கள், நீயும் போடுவாய். கிளிப்பிங் மாஸ்க்காகப் போடு, தரையை விட்டு வழியாது. ஆனால் மல்ட்டிப்ளை என்று ஒரு டியூப் கடையில் விற்பதில்லை. நிழல் விழுந்த சிவப்புக் கல் திரையில் என்ன நிறமாக நிற்கிறதோ, அங்கே விரலை அழுத்திப் பிடித்து அந்த நிறத்தை எடுத்துப் பாலெட்டில் சேர். நீ கலக்க வேண்டியது அதைத்தான். தண்ணீராய்க் கரைத்த கிளேஸ், அதாவது அடிநிறம் தெரியும் மெல்லிய பூச்சு, கொஞ்சம் மல்ட்டிப்ளை போல வேலை செய்யும், ஆனால் அடிநிறம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

திரை வண்ணத்தை அப்படியே நம்பாதே. அது உள்ளிருந்து எரிகிற விளக்கு, சில பச்சையும் நீலமும் எந்த டியூபிலும் கிடைக்காது. உன்னிடம் உள்ள ஆறேழு டியூபையும் அவற்றின் கலவைகளையும் அட்டையில் சின்னச் சின்னச் சதுரமாகத் தீட்டி, முழுக்கக் காய விடு. அக்ரிலிக் காய்ந்தால் கருக்கும், ஈரத்தில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவாய். ஐபேடில் திரையின் நிறத்தைத் தானே மாற்றும் ட்ரூ டோனையும் நைட் ஷிஃப்டையும் அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் அட்டையைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒத்துப்பார்த்து ஒவ்வொன்றையும் பாலெட்டில் ஏற்று. ஒரு பாலெட்டில் முப்பது நிறம் கொள்ளும், தாராளம். அதற்கு வெளியே நிறம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் படம் கேன்வாஸுக்கு வரும்போது அதிர்ச்சி இருக்காது.

கேன்வாஸுக்கு மாற்ற, கட்டம் போதும். 3 அங்குலக் கட்டமென்றால் 300 பிக்சல். குறுக்கே 12, மேலே 8, மொத்தம் 96. டிராயிங் கைடின் கட்டம் திரையில்தான் தெரியும், ஏற்றுமதி செய்த படத்தில் வராது. ஒரு லேயரில் 18 கோடும் நீயே போட்டுவிடு. தரைப் பூவுக்கு மட்டும் கட்டம் போதாது என்றால், கோட்டு லேயரை மட்டும் பிடிஎஃப் ஆக்கி, கட்டட பிளான் அச்சிடும் கடையில் கொடு. ஏ1 என்று சொல்லிவிடாதே, 33.1க்கு 23.4 அங்குலமாகச் சுருக்கிக் கொடுத்துவிடுவார்கள். 24 அங்குல ரோலில் 36 நீளம் என்று சொல். படத்துக்குள் ஓரிடத்தில் சரியாக 10 அங்குலம், அதாவது 1000 பிக்சல், கோடு ஒன்று போட்டு வை. கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்து வாங்கு. ரோலின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அச்சு விழாது, அதைக் கையால் நீட்டிக்கொள்.

மகளின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இதையே போடலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது, புரோகிரியேட் ஐபேடுக்கு மட்டும். அவளுக்கு ஐபிஸ் பெயிண்ட் ஆப் போட்டுக்கொடு. நீ அனுப்பும்போது பிஎஸ்டியாக, அதாவது ஃபோட்டோஷாப் ஃபைலாக, அனுப்பு, லேயர் பிரிந்தே போகும். உனக்கு ஒன்று: வாரம் ஒரு தடவை வேலையை ஃபைல்ஸுக்கோ டிரைவுக்கோ ஏற்றி வை. இடமில்லை என்று ஆப்பை அழித்தால் உள்ளே இருக்கும் படங்களும் கூடவே போய்விடும்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. மழை நின்ற பாடில்லை, காகிதமெல்லாம் நமத்துப் போகிறது. நீ ஃபிரேமில் அடித்த கேன்வாஸை டேப் வைத்து நிஜமாகவே அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. கடையில் 36க்கு 24 என்று வாங்கியது கால் அங்குலம் குறைந்திருந்தால், தரை போடும் முன்பே ஃபைலின் அளவை மாற்றிவிடலாம். அந்த நாலு சாம்பல் கட்டத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்