நடராசரும் ஆனந்த குமாரசுவாமியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி பற்றி வந்த கட்டுரை, நடராசர் திருவுருவின் தத்துவத்தை அவரே கண்டுபிடித்ததாகச் சொல்கிறது. மேலை நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர் அவர், கண்டுபிடித்தவர் அல்லர். 1918இல் நியூயார்க்கில் நூலாவதற்கு முன்பே, 1912இல், 'சிவ நடனம்' கட்டுரை சென்னையின் 'சித்தாந்த தீபிகை' இதழில் அச்சாகிவிட்டது. அதில் அவர் சான்றுக்கு அழைப்பது சைவ நூல்களைத்தான்.

அவற்றுள் ஒன்றான சைவ சித்தாந்த நூல் 'உண்மை விளக்கம்' தரும் ஐந்தொழில் கணக்கு இது: வலது பின்கையிலுள்ள துடி (உடுக்கை) படைத்தல், வலது முன்கையின் அபயம் காத்தல், இடது பின்கையின் தீ அழித்தல், முயலகன்மேல் ஊன்றிய வலக்கால் மறைத்தல், தூக்கிய இடக்கால் அருளல். வீசிய இடது முன்கைக்குத் தனித் தொழில் இல்லை. அது தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது, அவ்வளவே.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டு நூல். சோழ அரசி செம்பியன் மாதேவியார் கட்டிய கோயில்களில் ஆடல்வல்லான் கல்லில் நிற்பதோ 10ஆம் நூற்றாண்டில். பின்னால் எழுதிய விளக்கத்தை முன்னால் செய்த சிற்பிமேல் ஏற்ற முடியுமா? திருமந்திரத்திலும் இதே பொருத்தம் உண்டே எனலாம். அந்நூலின் காலமே இன்னும் தீராத சர்ச்சையாகக் கிடக்கிறது.

வியப்பு என்னவென்றால், இந்தப் பிழையிலிருந்து தப்பும் வழியையும் குமாரசுவாமியே காட்டியிருக்கிறார். புத்தர் உருவம் காந்தாரத்தில் கிரேக்கச் செல்வாக்கால் பிறந்தது என்ற பிரெஞ்சு அறிஞர் பூஷேயின் கருத்தை 1927இல் மறுத்தபோது, மதுராவின் பழைய இயக்கர் (யட்சர்) சிலைகளையும் புத்தர் சிலைகளையும் அருகருகே வைத்து, நிற்கும் நிலை, உடை, கை என ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்து தோரியனைட் என்ற கனிமத்தை முதலில் ஆய்ந்து விவரித்தவரின் கண் அது. (அவர் கல்லை விட்டுக் கலைக்கு வந்தார் என்ற தங்கள் கட்டுரையின் வரியும் ஆகவே முழுச் சரியில்லை.) நடராசரிடம் வந்தபோது மட்டும் சிலையைவிட ஏட்டை நம்பிவிட்டார்.

அருங்காட்சியகக் குறிப்புப் பலகைகள் ஐந்தொழிலை எல்லாச் செப்புத் திருமேனிக்கும் ஒரே அச்சாக ஒட்டாமல், 'பிற்காலச் சித்தாந்த விளக்கம்' என்ற மூன்று சொல்லை முன்னால் சேர்க்கலாம். பக்கத்தில் அப்பர் வரி ஒன்றும் இருக்கட்டும்: 'இனித்தமுடைய எடுத்த பொற்பாதமும்'. அது 7ஆம் நூற்றாண்டுக்குரியது. அந்தச் சிலைகளுக்கும் மூத்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்